அண்டாவில் பல்லி விழுந்தால்: புது லேப்டாப் ஏன் அடிக்கடி நின்றுபோகிறது?

அக்கா மகன் எஞ்சினியரிங் சேர்ந்தபோது வாங்கிய லேப்டாப். வாங்கி 22 நாள்தான் ஆகியிருந்தது. அதற்குள் இரண்டு முறை ஃபார்மட் அடித்தாயிற்று, புதிதாக ஒரு சார்ஜரும் வாங்கியாயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பையைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கே வந்துவிட்டான்.

"மாமா, இன்னைக்கு மட்டும் நாலு தடவை கிராஷ் ஆயிடுச்சு. ஹாஸ்டல்ல எல்லாரும் மதர்போர்டு போயிடுச்சுன்னு சொல்றாங்க."

"கிராஷ்னா? ஸ்க்ரீன்ல என்னடா வந்துச்சு?"

"அதான் மாமா, கிராஷ்."

அவனைக் குறை சொல்ல முடியாது. தலைவலியோ வயிற்றுவலியோ, 'உடம்பு சரியில்லை' என்று ஒரே வார்த்தையில் லீவ் லெட்டர் எழுதிப் பழகியவர்கள் நாம். கம்ப்யூட்டரில் நடக்கும் நாலைந்து வெவ்வேறு கோளாறுகளுக்கும் 'கிராஷ்' என்று ஒரே பெயர் வைத்துவிட்டோம். பெயர் ஒன்றானதால் மருந்தும் ஒன்றாகிவிட்டது: ஃபார்மட் அடி. அந்தப் பெயரைப் பிரித்துப் பார்ப்பதுதான் இங்கே வேலை. விண்டோஸ் லேப்டாப்பை வைத்தே சொல்கிறேன். மேக்கிலும் லினக்ஸிலும் உள்ளே நடப்பது ஏறக்குறைய இதேதான், திரையில் வரும் வாசகம் மட்டும் வேறு.

## எதை கிராஷ் என்கிறோம்?

பிரவுசரோ வேர்டோ மட்டும் திடீரென மூடிக்கொள்கிறது, மற்றதெல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது என்றால் அது அந்த ஆப்பின் தனிப் பிரச்சினை. இந்தக் கட்டுரை அதற்கானது அல்ல. ஆப்பை அப்டேட் செய்யுங்கள், அல்லது நீக்கிவிட்டு மறுபடி போடுங்கள்.

திரை அப்படியே உறைந்துவிடுகிறது, மவுஸ் அம்பு நகரவில்லை, பவர் பட்டனை அழுத்திப் பிடித்துத்தான் அணைக்க வேண்டியிருக்கிறது என்றால் அது ஹேங்.

திரை முழுக்க ஒரே நிறமாகி, 'உங்கள் கணினியில் கோளாறு, மறுபடி தொடங்க வேண்டும்' என்ற ரீதியில் ஆங்கிலத்தில் ஒரு வாசகம் வந்து, தானாக ரீஸ்டார்ட் ஆகிறது என்றால் அதுதான் பிரசித்தி பெற்ற நீலத்திரை. 2025-இல் வந்த விண்டோஸ் 11 மாற்றத்துக்குப் பிறகு அது கறுப்புத் திரை. நிறம்தான் மாறியிருக்கிறது.

கடைசி வகை, எந்த வாசகமும் இல்லாமல், சுவிட்சைப் போட்டு அணைத்ததுபோல் பட்டென்று அணைந்துபோவது.

இந்த நான்கில் உங்களுடையது எது என்று தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது. நீலத்திரை வருகிறது என்றால், ஆச்சரியமாக இருக்கலாம், அது ஓரளவு நல்ல செய்தி. ஏன் என்று பார்ப்போம்.

## சமையல்கட்டும் பந்தியும்

ஒரு கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பந்தியில் நூறு பேர் சாப்பிடுகிறார்கள். ஒரு குழந்தை பாயசத்தைத் தட்டிவிட்டது. இலையை எடுத்துவிட்டு, துடைத்து, வேறு இலை போடுவார்கள். பக்கத்து இலைக்காரருக்குக்கூட விஷயம் தெரியாது.

அதே மண்டபத்தின் சமையல்கட்டில், கொதிக்கிற சாம்பார் அண்டாவில் பல்லி விழுந்துவிட்டது. தலைமைச் சமையல்காரர் என்ன செய்வார்? ஒரு கரண்டியால் எடுத்துப் போட்டுவிட்டுப் பரிமாறச் சொல்வாரா? மானமுள்ளவர் என்றால் "பந்தியை நிறுத்துங்கப்பா" என்பார். எல்லோரும் முகம் சுளிப்பார்கள், சம்பந்தி வீட்டார் கோபிப்பார்கள். இருந்தாலும் நிறுத்துவார். தொடர்ந்து பரிமாறினால் வருவது அதைவிடப் பெரிய கேடு.

கம்ப்யூட்டரிலும் இந்த இரண்டு இடங்களும் உண்டு. நாம் திறக்கும் ஆப்கள் எல்லாம் பந்தியில் உட்கார்ந்திருப்பவை. ஒன்று விழுந்தால் அதை மட்டும் அப்புறப்படுத்தலாம். நினைவகம், பேட்டரி, டிஸ்க், திரை எல்லாவற்றையும் நேரடியாகக் கையாளும் உள்பகுதி ஒன்று இருக்கிறது. அதற்குக் கர்னல் என்று பெயர். அதுதான் சமையல்கட்டு.

கர்னலுக்குள் நடக்கக்கூடாத ஒன்று நடந்துவிட்டால், இருக்கக்கூடாத ஓர் இடத்தில் எழுதும்படி ஒரு கட்டளை வந்துவிட்டால், விண்டோஸுக்கு இனி எதையும் நம்ப முடியாது. தொடர்ந்து ஓடினால் உங்கள் புராஜெக்ட் ரிப்போர்ட்டின் மேலேயே குப்பையை எழுதிச் சேமித்துவிடலாம். ஆகவே அது வேண்டுமென்றே தன்னை நிறுத்திக்கொள்கிறது. நிறுத்துவதற்கு முன் காரணத்தைக் குறிக்கும் ஒரு எண்ணையும் பெயரையும் திரையில் காட்டுகிறது. அதுதான் ஸ்டாப் கோடு.

நீலத்திரை நோய் அல்ல, நோய் பரவாமல் விண்டோஸ் எடுக்கும் தற்காப்பு. சத்தம் போட்டு, காரணமும் சொல்லிவிட்டு நிற்கிறது என்பதால்தான் அதை நல்ல செய்தி என்றேன். ஒன்றுமே சொல்லாமல் அணைந்துபோகும் லேப்டாப்தான் உண்மையில் தலைவலி.

## உள்ளே வரும் வெளியாள்

சரி, பல்லி எப்படி உள்ளே வந்தது?

சமையல்கட்டில் மண்டபத்து ஆட்கள் மட்டும் இருப்பதில்லை. தயிர் கொண்டுவருபவர், ஐஸ்கிரீம் கான்ட்ராக்டர், காஸ் சிலிண்டர் மாற்றுபவர் என்று வெளியாட்களும் உள்ளே வந்துபோக வேண்டியிருக்கிறது. விண்டோஸிலும் அப்படித்தான். வைஃபை சிப்பை ஒரு நிறுவனம் செய்கிறது, கிராஃபிக்ஸை இன்னொன்று, டச்பேடை வேறொன்று. ஒவ்வொரு கருவியோடும் பேசத் தெரிந்த சிறிய மென்பொருளை அந்தந்த நிறுவனமே எழுதித் தருகிறது. அதற்குப் பெயர் டிரைவர். பெரும்பாலான டிரைவர்கள் கர்னலுக்குள் நின்று வேலை செய்கின்றன. அங்கே ஒருவர் கை தவறினால் பந்தியே நிற்கும்.

1998 ஏப்ரலில் சிகாகோவில் விண்டோஸ் 98-ஐ மேடையில் அறிமுகப்படுத்திக்கொண்டிருந்தார் பில் கேட்ஸ். உதவியாளர் ஒரு ஸ்கேனரைச் செருகினார், விண்டோஸ் அதற்கான டிரைவரை ஏற்றப் போனது, பெரிய திரை முழுக்க நீலம். கூட்டம் சிரித்தது. 26 வருடம் கழித்து, 2024 ஜூலை 19 அன்று நடந்ததற்கு யாரும் சிரிக்கவில்லை. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான அப்டேட்டை, கர்னலுக்குள் இருந்த அதன் டிரைவர் படித்துத் தடுக்கி விழுந்தது. மைக்ரோசாஃப்டின் கணக்குப்படி ஏறக்குறைய 85 லட்சம் கணினிகள் ஒரே நாளில் நீலமாயின. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அந்த 85 லட்சத்தில் எதற்கும் அன்று மதர்போர்டு போகவில்லை. வெளியாள் ஒருவர் கொண்டுவந்த ஒரு கோப்பு, அவ்வளவுதான்.

ஹாஸ்டலில் யாராவது 'மதர்போர்டு போச்சு' என்று தீர்ப்பு சொன்னால் இதை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள்.

## புதுசுதானே, அதெப்படிக் கெடும்?

எல்லோரும் கேட்பது இதைத்தான். புதுசு என்பதே ஒரு காரணமாக இருக்கலாம் என்பது பலருக்கும் தோன்றுவதில்லை.

மின்னணுப் பொருள்கள் பழுதாவதை வருட வாரியாக வரைந்தால், கோடு குளியல் தொட்டியின் குறுக்குவெட்டுபோல இருக்கும் என்பார்கள். ஆரம்பத்தில் உயரம், நடுவில் நெடுக சமதளம், வயதான பிறகு மறுபடி ஏற்றம். ஃபேக்டரியில் தப்பித்து வந்த குறைகள் முதல் சில வாரங்களிலேயே தலைகாட்டிவிடும். அதற்குத்தான் வாரன்ட்டி.

இரண்டாவது, நமக்குத்தான் அது புதுசு, அதிலிருக்கும் மென்பொருள் பழசு. ஃபேக்டரியில் விண்டோஸை ஏற்றி, பெட்டியில் மூடி, குடோனிலும் கடையிலும் மாதக்கணக்கில் இருந்துவிட்டு நம் கைக்கு வருகிறது. வைஃபை போட்ட அடுத்த நிமிடம் முதல் அந்த மாதங்களுக்கெல்லாம் சேர்த்து அப்டேட்கள் வரிசை கட்டி இறங்குகின்றன. பாதி டிரைவர் பழசு, பாதி புதுசு என்ற இடைக்காலத்தில் ஓரிரு கிராஷ் வருவது சகஜம். அதனால் முதல் இரண்டு நாள் அப்டேட் எல்லாம் முடியட்டும். முடிந்ததும் ரீஸ்டார்ட் கொடுங்கள். கவனியுங்கள், ரீஸ்டார்ட். ஷட் டவுன் போதாது. விண்டோஸ் 8 காலத்தில் வந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதியால், ஷட் டவுன் கொடுக்கும்போது கர்னல் தன் நிலையை டிஸ்கில் எழுதிவைத்துக்கொண்டு தூங்குகிறது. மறுபடி ஆன் செய்தால் அதே நிலையிலிருந்து எழுகிறது. நேற்றைய அண்டாவைக் கழுவாமல் மூடிவைத்து இன்று மறுபடி அடுப்பில் ஏற்றுவது மாதிரி. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் அண்டாவைக் கழுவிக் கவிழ்க்கும்.

மூன்றாவது, கடையில் நடக்கும் 'அப்கிரேட்'. 8 ஜிபி ராமோடு வந்த லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றி இன்னொரு 8 ஜிபி செருகிக் கொடுப்பது சாதாரண வியாபாரம். தவறொன்றும் இல்லை. ஆனால் அந்த லேப்டாப்பை முழுசாகச் சோதித்தது தயாரித்த நிறுவனம். செருகிய பிறகு சோதித்தது யார்?

அக்கா மகனிடம் கேட்டேன். "ஆமா மாமா, கடைக்காரர் ராம் போட்டுக் கொடுத்தாரு. ரொம்ப நல்ல மனுஷன், லேபர் சார்ஜ்கூட வாங்கல." மனதில் குறித்துக்கொண்டேன். சொல்லவில்லை.

## மரண வாக்குமூலத்தைப் படிப்பது

நீலத்திரை வந்தால் பலரும் கண்ணை மூடித் திறப்பதற்குள் அது ரீஸ்டார்ட் ஆகிவிடும். பதற வேண்டாம், எழுதிவைத்துவிட்டுத்தான் போகிறது. நிற்பதற்கு முன் நினைவகத்தின் ஒரு பகுதியை டிஸ்கில் ஒரு கோப்பாக எழுதுகிறது. அதற்கு டம்ப் என்று பெயர், மரண வாக்குமூலம் மாதிரி. விண்டோஸ் ஃபோல்டருக்குள் மினிடம்ப் என்ற ஃபோல்டரில் தேதியோடு இருக்கும். அதைத் திறந்து படிக்க மைக்ரோசாஃப்ட் இலவசமாகவே ஒரு கருவி தருகிறது. முதல்முறை படிப்பவர்களுக்கு அது தேவையில்லை. கோப்புகளைப் பத்திரமாக ஒரு பென்டிரைவில் நகலெடுத்து வைத்தால் போதும், பின்னால் உதவும்.

படிக்கத் துணிபவர்களுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. வாக்குமூலத்தில் குற்றவாளி என்று அடிக்கடி வரும் பெயர் விண்டோஸ் கர்னலின் சொந்தக் கோப்பாகவே இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு 'விண்டோஸே கெட்டுவிட்டது' என்று முடிவுகட்டாதீர்கள். அண்டாவில் பல்லி கிடப்பதைப் பார்த்துக் கூச்சல் போட்ட சமையல்காரர் அது. பல்லியைப் போட்டது வேறு யாராகவும் இருக்கலாம்.

எளிய வழி, ஸ்டார்ட் மெனுவில் ரிலையபிலிட்டி என்று ஆங்கிலத்தில் தட்டுவது. நாள்வாரியாக ஒரு வரைபடம் திறக்கும். எந்த நாளில் எந்த ஆப் விழுந்தது, எப்போது விண்டோஸ் விழுந்தது, அன்று என்ன அப்டேட் ஏறியது எல்லாம் ஒரே பக்கத்தில். 'செவ்வாய்க்கிழமை கிராஃபிக்ஸ் டிரைவர் அப்டேட், புதன் முதல் தினம் சிவப்புப் புள்ளி' என்று தெரிந்தால் வேறு ஆராய்ச்சியே வேண்டாம். டிவைஸ் மேனேஜரில் அந்த டிரைவரைப் பழைய பதிப்புக்கு மாற்றிப் பாருங்கள்.

இன்னொரு இடம் ஈவன்ட் வியூவர், அதாவது உள்ளே நடப்பதையெல்லாம் விண்டோஸ் குறித்துவைக்கும் பதிவேடு. இங்கேதான் பெரிய தவறான புரிதல் ஒன்று குடியிருக்கிறது. கிராஷ் ஆன ஒவ்வொரு முறையும் அதில் 'கர்னல் பவர் 41' என்று சிவப்பில் ஒரு பதிவு இருக்கும். பவர் என்ற சொல்லைப் பார்த்ததும் 'கரன்ட் பிரச்சினை, சார்ஜர் மாத்து' என்று கிளம்பிவிடுவார்கள். என் அக்கா மகனும் அப்படித்தான் சார்ஜர் வாங்கினான். அந்தப் பதிவு சொல்வது இவ்வளவுதான்: போன முறை முறைப்படி மூடாமல் நின்றுபோய், இப்போது மறுபடி எழுந்திருக்கிறேன். காலையில் வந்து பார்த்த வாட்ச்மேன் 'கதவு திறந்து கிடந்தது' என்று எழுதிவைப்பது போல. யார் திறந்தது என்று அவருக்குத் தெரியாது.

ஆனால் அதே பதிவின் 'டீடெய்ல்ஸ்' பக்கத்தைத் திறந்தால் பக்செக் கோடு என்று ஒரு எண் இருக்கும். ஸ்டாப் கோடேதான், சாதாரண எண்ணாக. 26 என்றால் நினைவக மேலாண்மைப் பிழை. 159 என்றால் தூங்கி எழும்போது ஏதோ ஒரு டிரைவர் எழ மறுத்தது. மூடியை மூடித் திறக்கும்போது விழும் லேப்டாப்களில் இது அடிக்கடி வரும், வைஃபை டிரைவரை முதலில் சந்தேகிக்கலாம். 278 என்றால் கிராஃபிக்ஸ் டிரைவர் பதில் சொல்லாமல் நின்று, மீட்டெழுப்பும் முயற்சியும் பலிக்கவில்லை. 292 வந்தால் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள், வன்பொருளே 'எனக்குள் பிழை' என்று கையைத் தூக்கியிருக்கிறது. எண் 0 என்றால் ஸ்டாப் கோடு எதுவும் பதிவாகவில்லை. கரன்ட் போனது, சூடேறி அணைந்தது, அல்லது ஹேங் ஆகி நீங்களே பட்டனை அழுத்தியது, இவற்றில் ஒன்று.

இணையத்தில் தேடும்போது இந்த எண்கள் பதினாறடிமானத்தில் (ஹெக்ஸ் என்பார்கள், 26 அங்கே 1A) இருக்கும், அதனால் அப்படியே தேடினால் கிடைக்காது. விண்டோஸ் கால்குலேட்டரில் புரோகிராமர் முறைக்குப் போய் மாற்றிக்கொள்ளுங்கள்.

சுருக்கமாக, கர்னல் பவர் 41 என்பது காரணம் அல்ல, வருகைப் பதிவு. உள்ளே இருக்கும் எண்தான் துப்பு. ஒரு எண்ணை வைத்துத் தீர்ப்பு எழுதாமல், நாலைந்து சேரும்வரை ஒரு தாளில் தேதி, நேரம், அப்போது செய்துகொண்டிருந்த வேலை, எண் என்று குறித்துவையுங்கள்.

## எண்கள் மாறி மாறி வந்தால்

அக்கா மகனின் லேப்டாப்பில் இரண்டாவது ஃபார்மட்டுக்குப் பிறகு ஐந்து பதிவுகள் இருந்தன. 26, 80, 59, மறுபடி 26, பிறகு 10. அவனுக்கு ஏமாற்றம். "ஒவ்வொண்ணும் வேற வேற சொல்லுதே மாமா?"

அதுதான் துப்பு. ஒரே டிரைவர் குற்றவாளி என்றால் பெரும்பாலும் ஒரே மாதிரி எண், ஒரே மாதிரி சூழ்நிலை. கேம் திறந்தால், மூடியை மூடினால், வைஃபை மாறினால் என்று ஒரு ஒழுங்கு இருக்கும். எண்ணும் மாறுகிறது, சூழ்நிலையும் மாறுகிறது, சும்மா பிடிஎஃப் படிக்கும்போதும் விழுகிறது என்றால் எல்லோருக்கும் பொதுவான ஓர் இடத்தில் ஓட்டை. அந்தப் பொது இடம் பெரும்பாலும் ராம், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் எல்லா மென்பொருளும் தற்காலிகமாகத் தங்கும் நினைவகம்.

'பல்' என்று எழுதுகிறோம். மேலே உள்ள புள்ளி ஒன்று அழிந்தால் 'பல'. ஒரு புள்ளிதான், பொருளே வேறு. ராம் என்பது கோடிக்கணக்கான அப்படிப்பட்ட புள்ளிகள், ஒவ்வொன்றும் இருக்கிறது அல்லது இல்லை என்று இரண்டே நிலை. அதற்குப் பெயர் பிட். 8 ஜிபி ராமில் ஏறக்குறைய 6,870 கோடி பிட்கள். அதில் ஒன்றே ஒன்று வைத்ததை மறந்துவிடும் பிட் என்று வையுங்கள். அந்த இடத்தில் ஒரு புகைப்படத்தின் நிறம் வந்து உட்கார்ந்தால் யாருக்கும் தெரியாது. ஆப்பின் ஒரு வரி உட்கார்ந்தால் ஆப் மூடும். கர்னல் எங்கே போக வேண்டும் என்ற முகவரி உட்கார்ந்தால் நீலத்திரை. யார் எப்போது அந்த இடத்தில் வந்து உட்காருகிறார்கள் என்பதைப் பொறுத்து எண் மாறும். ஃபார்மட் அடித்தால் டிஸ்க்தான் சுத்தமாகும், ராமில் ஓட்டையான பிட் அப்படியே இருக்கும்.

சோதிப்பது எளிது. ஸ்டார்ட் மெனுவில் விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் என்று தேடி ஓட்டலாம். அது பலமுறை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு 'நலம்' என்று சொல்லிவிடும் என்பது என் அனுபவம். மெம்டெஸ்ட்86 என்ற இலவசக் கருவியைப் பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து லேப்டாப்பைக் கிளப்பி இரவு முழுக்க ஓடவிடுவதுதான் என் பழக்கம். அது ராமில் ஒரு வடிவத்தை எழுதும், திரும்பப் படிக்கும், வேறு வடிவம் எழுதும், படிக்கும். எழுதியதும் படித்ததும் ஒன்றாக இல்லாவிட்டால் சிவப்பில் ஒரு வரி. ஒரே ஒரு வரி வந்தாலும் அந்த ராம் தேறாது. 'ஒண்ணுதானே' என்று விட முடியாது.

எங்களுக்கு இரவு வரை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. காபி குடித்து முடிப்பதற்குள் சிவப்பு ஓடத் தொடங்கிவிட்டது. அக்கா மகன் போனை எடுத்துப் படம் பிடித்தான். நல்ல வேலை.

## ட்ரிப்பர் முறை

எந்த ராம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வீட்டில் ட்ரிப்பர் அடிக்கடி விழுந்தால் எலக்ட்ரீஷியன் என்ன செய்வார்? ட்ரிப்பரையே மாற்ற மாட்டார். எல்லா பிளக்கையும் பிடுங்கச் சொல்வார். ட்ரிப்பரைத் தூக்கிவிட்டு ஒவ்வொன்றாகச் செருகுவார். கிரைண்டரைப் போட்டதும் விழுந்தால் கிரைண்டர். அவர் ஒரே நேரத்தில் கிரைண்டரையும் கீசரையும் வயரையும் மாற்றினால் கோளாறு போகலாம், ஆனால் எதனால் என்று தெரியாது. பில்லும் மூன்று மடங்கு.

லேப்டாப்பிலும் அதே. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றிவிட்டு, வழக்கமாக விழும் இடைவெளியைப் போல் இரண்டு மூன்று மடங்கு நேரம் காத்திருங்கள். தினம் ஒருமுறை விழும் மெஷின், அரை மணி நேரம் ஓடியதை வைத்து 'சரியாயிடுச்சு' என்று சொல்லக்கூடாது.

முதலில் வெளியே செருகியிருக்கும் எல்லாம் வெளியே வரட்டும்: யுஎஸ்பி ஹப், வெளி மானிட்டர், மெமரி கார்டு. அடுத்து நீங்களாக ஏற்றியவை. ஏற்கெனவே ஒரு ஆன்டிவைரஸ் டிரையல் இருக்கும் லேப்டாப்பில் இன்னொன்றைப் போட்டிருந்தால் ஒன்றை எடுங்கள். இரண்டு சமையல்காரர்கள் ஒரே அண்டாவுக்குச் சண்டை போடுவார்கள். பிறகு சேஃப் மோடு. விண்டோஸ் தனக்கு அத்தியாவசியமான டிரைவர்களை மட்டும் வைத்துக்கொண்டு வெளியாட்களைப் பெரும்பாலும் வெளியே நிறுத்திவிட்டு எழும் முறை அது. அதில் விழவே இல்லை என்றால் சந்தேகம் டிரைவர் பக்கம் சாயும். அதிலும் விழுந்தால் வன்பொருள் பக்கம்.

ராமுக்கும் இதே கதை. லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, அடிமூடியைத் திறந்தோம். இரண்டு ராம் துண்டுகள், ஒன்றின் ஸ்டிக்கர் வேறு நிறம். கடையில் போட்டதை எடுத்துவிட்டு, கம்பெனி ராமோடு மட்டும் மெம்டெஸ்ட். சுத்தம். இத்தோடு நிறுத்திவிடலாம் என்று தோன்றும், நிறுத்தக்கூடாது. கெட்டது ராமா, அது செருகியிருந்த ஸ்லாட்டா? கம்பெனி ராமை எடுத்து அந்த இரண்டாவது ஸ்லாட்டில் செருகி மறுபடி ஓட்டினோம். சுத்தம். ஆக ஸ்லாட்டும் நலம், மதர்போர்டும் நலம். கடை ராமை முதல் ஸ்லாட்டில் தனியாகச் செருகினால் மறுபடி சிவப்பு. மூன்று சோதனை, சந்தேகத்துக்கு இடமில்லை.

வாரன்ட்டி பற்றி ஒரு வார்த்தை. அடிமூடியைத் திறந்தால் வாரன்ட்டி போகுமா என்பது மாடலுக்கு மாடல் வேறுபடும். ராம் மாற்றிக்கொள்ள அனுமதிக்கும் மாடல்களும் உண்டு, எல்லாமே போர்டில் பற்றவைத்த மாடல்களும் உண்டு. வாரன்ட்டி அட்டையைப் படிக்காமல் ஸ்க்ரூடிரைவரை எடுக்காதீர்கள்.

## சூடும் திடீர் அணைவும்

வாசகமே இல்லாமல் அணையும் வகைக்குச் சொல்ல அதிகமில்லை. பிராசசர் 100 டிகிரி செல்சியஸை நெருங்கினால் முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதற்கும் அடங்காவிட்டால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக் கரன்ட்டைத் துண்டிக்கும். மெத்தையிலும் தலையணையிலும் வைத்து, அடியில் உள்ள காற்றுவழியை மூடி உபயோகிப்பவர்கள் முதலில் மேஜைக்கு மாறிப் பாருங்கள். மேஜையில், ஃபேன் காற்றில், சாதாரண வேலைக்கே ஒரு புது லேப்டாப் சூடேறி அணைகிறது என்றால் உள்ளே விசிறியோ ஹீட் சிங்க்கோ சரியாகப் பொருந்தவில்லை. அது உங்கள் வேலை அல்ல, சர்வீஸ் சென்டரின் வேலை. சார்ஜர் செருகியிருந்தால் ஓடுகிறது, பேட்டரியில் மட்டும் அணைகிறது என்றாலும் அப்படியே.

## பயாஸ் அப்டேட்: ஒரு முன்னெச்சரிக்கையோடு

விண்டோஸ் எழுவதற்கும் முன்பே எழுந்து, கருவிகளைத் தட்டி எழுப்பும் அடிப்படை மென்பொருள் ஒன்று மதர்போர்டிலேயே இருக்கிறது. பேச்சுவழக்கில் அதை பயாஸ் என்கிறோம். புது மாடல் லேப்டாப்களுக்கு முதல் சில மாதங்களில் பயாஸ் திருத்தங்கள் தொடர்ந்து வரும். தூக்கம், சூடு, ராம் தொடர்பான பல கோளாறுகள் அதிலேயே தீர்ந்துவிடுவதும் உண்டு. தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து, உங்கள் மாடல் எண்ணுக்கு உரியதை மட்டும் எடுங்கள். சார்ஜரைச் செருகி, பேட்டரியும் நிறைய இருக்கும்போது ஓட்டுங்கள், நடுவில் அணைக்காதீர்கள்.

அதற்கு முன்பாக ஒன்று. இதை மறந்து கண்ணீர் விட்டவர்களை எனக்குத் தெரியும். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு தொடங்கும் புது லேப்டாப்களில் பல, உங்களைக் கேட்காமலேயே டிஸ்க்கை மறையாக்கம் செய்து பூட்டிவைத்திருக்கும். பயாஸ் மாறினால் விண்டோஸ் சந்தேகப்பட்டு, 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கலாம். அந்தச் சாவி பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். போனில் அந்தக் கணக்கைத் திறந்து, சாவியைப் பார்த்து, தாளில் எழுதிக்கொண்ட பிறகே பயாஸைத் தொடுங்கள்.

## ஃபார்மட் எப்போது?

ஃபார்மட்டுக்கு நான் எதிரி அல்ல. விண்டோஸின் கோப்புகள் சிதைந்திருந்தால் அது தீர்வு. ஆனால் முதல் வேலையாக அடித்தால் மினிடம்ப், ஈவன்ட் பதிவு, ரிலையபிலிட்டி வரைபடம் அத்தனையும் போய்விடும். திருட்டு நடந்த வீட்டை போலீஸ் வருவதற்கு முன் கழுவிவிட்டுக் கோலம் போடுவது மாதிரி. அதுமட்டுமல்ல, டிரைவர்தான் காரணம் என்றால் ஃபார்மட்டுக்குப் பிறகு விண்டோஸ் அப்டேட் அதே டிரைவரை அன்போடு திரும்பக் கொண்டுவந்து வைக்கும்.

ஃபார்மட்டைச் சிகிச்சையாக அல்லாமல் சோதனையாகப் பயன்படுத்துங்கள். பதிவுகளை நகலெடுத்து வைத்துவிட்டு, சுத்தமான விண்டோஸ் மட்டும், அப்டேட் மட்டும், வேறு ஆப் ஒன்றுகூட இல்லாமல் இரண்டு நாள் ஓட்டுங்கள். அப்படியும் விழுந்தால் 'நீங்க எதையோ இன்ஸ்டால் பண்ணியிருக்கீங்க சார்' என்று சர்வீஸ் சென்டரில் யாரும் சொல்ல முடியாது.

## எத்தனை நாள் மல்லுக்கட்டுவது?

இங்கே நான் சொன்னதற்கே எதிராக ஒன்று சொல்லப்போகிறேன். லேப்டாப் வாங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை, அப்டேட் எல்லாம் முடிந்து ரீஸ்டார்ட்டும் கொடுத்தாயிற்று, வெளியே எதுவும் செருகவில்லை, இன்னும் விழுகிறது என்றால் மேலே உள்ள எதையும் செய்யாதீர்கள். மாற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள். ஆன்லைனில் வாங்கினால் மாற்றித் தரும் அவகாசம் சில நாள்கள்தான். எத்தனை என்பது ஆர்டர் பக்கத்திலேயே இருக்கும். நீங்கள் டிரைவர் டிரைவராக மாற்றி ஆராய்ந்துகொண்டிருக்கும்போது அந்தக் கெடு ஓடிவிடும். பிறகு மாற்றம் கிடையாது, ரிப்பேர் மட்டும்தான்.

கெடு தாண்டிவிட்டால் சர்வீஸ் சென்டர். 'அடிக்கடி கிராஷ் ஆகுது' என்று மட்டும் சொல்லிக் கொடுத்தால், அங்கே அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டு 'எந்தக் கோளாறும் இல்லை' என்று திருப்பித் தருவார்கள். தேதி வாரியான தாள், நீலத்திரைப் படம், மினிடம்ப் கோப்புகள், மெம்டெஸ்ட் படம் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். ஜாப் ஷீட்டில் ஸ்டாப் கோடு எண்களை எழுதச் சொல்லி, நகல் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் ஃபைல்களை முன்பே வேறிடத்தில் எடுத்து வைத்துவிடுங்கள், அங்கே டிஸ்க்கைத் துடைத்துவிடுவது வழக்கம். ஒரே கோளாறுக்கு மூன்றாவது முறையும் அலையவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இரண்டாவது முறை வாங்கிய ஜாப் ஷீட் அப்போதுதான் கைகொடுக்கும்.

அக்கா மகன் திங்கட்கிழமை அந்த ராமையும் போனிலிருந்த படத்தையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனான். கடைக்காரர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார், டிராயரிலிருந்து வேறொரு ராமை எடுத்தார், இந்த முறையும் லேபர் சார்ஜ் வாங்கவில்லை. இரவு போன் வந்தது.

"போட்டாச்சு மாமா. நல்லா ஓடுது."

"மெம்டெஸ்ட் ஓட்டினியா?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "இதோ போடறேன் மாமா" என்றான்.